மரம் அறுக்கும் மெஷினுக்கு மாற்று பார் வாங்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

மா அறுவடை முடிந்து தோப்புகளில் கவாத்து தொடங்கிவிட்டது. அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி செயின் சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின் பற்றியவை. அவற்றிலும் பார் (விளிம்பில் உள்ள பள்ளத்தில், அதாவது காடியில், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) பற்றிய சந்தேகங்களே மிகுதி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 58 சி.சி. சீன மெஷின். பார் தேய்ந்துவிட்டதால் கடையில் "20 இஞ்ச் பார்" என்று கேட்டு வாங்கி வந்தோம். பழைய செயின் அதன் காடிக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. செயினையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: செயினை மாற்றும் முன் அந்தப் பாரை மாற்றிக் கேளுங்கள். "20 இஞ்ச்" என்பது பாதி விலாசம்தான். மீதியையும் சொன்னால்தான் சரியான பார் கைக்கு வரும்.

முதலில் பிட்ச். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவது ரிவெட்டின் நடுவரை வெர்னியரால் அளந்து, வந்ததை இரண்டால் வகுத்தால் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மி.மீ. வந்தால் அது .325 அங்குலச் செயின். 19 மி.மீ. வந்தால் 3/8. அதற்குச் சற்றுக் குறைவாக, 18.6 அளவில் வந்து செயினும் மெல்லியதாக இருந்தால் 3/8 லோ புரொஃபைல். 20.5 என்றால் .404, அது பெரிய மெஷின்களின் செயின், நம் பக்கத் தோட்டங்களில் அரிது. பார் மூக்கில், அதாவது நுனியில், சுழலும் சிறிய ஸ்பிராக்கெட்டின் (பல்சக்கரத்தின்) பற்கள் இந்தப் பிட்சுக்கு ஏற்றபடிதான் வெட்டப்பட்டிருக்கும். 3/8 மூக்குள்ள பாரில் .325 செயின் ஓடாது. முரட்டுத்தனமாக ஓட்டினால் மூக்கும் போகும், செயினும் போகும்.

அடுத்து கேஜ், அதாவது காடியின் அகலம். காடிக்குள் இறங்கி ஓடும் பல்லை, டிரைவ் லிங்க் என்பார்களே, அதன் தடிமனை வெர்னியரால் பிடித்துப் பாருங்கள். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. இந்த நான்கில் ஒன்று வரும். அங்குலக் கணக்கில் .043, .050, .058, .063. உங்கள் செயின் இறங்காததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: 1.5 மி.மீ. செயினை 1.3 மி.மீ. காடியில் நுழைக்கப் பார்க்கிறீர்கள். இதற்கு நேர்மாறாக 1.6 காடியில் 1.5 செயின் இறங்கிவிடும், ஓடவும் செய்யும். அதனாலேயே அது பெரிய ஏமாற்று. செயின் காடிக்குள் ஆடி ஆடிப் பக்கவாட்டில் சாய்ந்து, புதுப் பார் சீக்கிரமே பழசாகிவிடும்.

மூன்றாவது டிரைவ் லிங்க் எண்ணிக்கை. செயினைக் கழற்றி ஒரு லிங்கில் பெயிண்ட் பொட்டு வைத்து எண்ணுங்கள். 58 சி.சி. சீன மெஷின்களில் 20 இஞ்ச் பார் என்றால் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜ், 76 லிங்க். 18 இஞ்சுக்கு 72, 22 இஞ்சுக்கு 86. "பெரும்பாலும்" என்ற சொல்லை மறக்காதீர்கள். இந்த வகையில் எத்தனையோ பெயர்களில் மெஷின் வருகிறது, ஆகவே எண்ணிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

நான்காவது பாரின் வால், மெஷினுக்குள் மறைந்திருக்கும் பகுதி. நடுவில் நீளமான வெட்டு, அதன் இரு பக்கமும் செயினை இறுக்கும் டென்ஷன் பின் நுழையும் துளை, ஆயில் துளை. இந்த மூன்றும் பழைய பாரோடு ஒத்துப்போக வேண்டும். வெட்டின் அகலம் போல்ட்டுக்கு ஒத்துவந்தாலும் ஆயில் துளை இடம் மாறியிருந்தால் பார் வறண்டு ஓடிக் கருகும். பழைய பாரைக் கடைக்கு எடுத்துப் போய், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நீளத்தை அளப்பதிலும் குழப்பம் உண்டு. பாரைக் கழற்றி முழு நீளத்தை அளந்து "22 இஞ்ச்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் வருவது வெட்டும் நீளம் மட்டும்: மெஷின் உடலிலிருந்து பார் வெளிப்படும் இடம் முதல் மூக்கு நுனி வரை.

கேள்வி: ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180 மெஷின் வைத்து மா கவாத்து செய்கிறோம். 16 இஞ்ச் பார். வேறு கம்பெனி செயின் ஒன்று "16 இஞ்சுக்கு" என்று வாங்கினோம். பிட்சும் கேஜும் சரியாக இருக்கிறது. ஆனால் இரண்டே வாரத்தில் டென்ஷன் ஸ்குரூ கடைசி வரை போய்விட்டது, செயின் இன்னும் தொங்குகிறது. செயின் மட்டமா?
— காவேரிப்பட்டணம்

பதில்: மட்டமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிப் பாருங்கள், 56 லிங்க் இருக்கும். ஸ்டிலின் சிறிய மெஷின்களில் 16 இஞ்ச் 3/8 லோ புரொஃபைல் பாருக்கு 55 லிங்க். வேறு பல கம்பெனி மெஷின்களில் அதே 16 இஞ்சுக்கு 56. ஒரு லிங்க் கூடினால் செயின் சுற்று ஏறக்குறைய 18.6 மி.மீ. நீளும். அதை இழுத்துப் பிடிக்க பார் 9 மி.மீ. முன்னே தள்ளப்பட வேண்டும். புதிதில் ஸ்குரூ அதைச் சமாளித்துவிடும். செயின் கொஞ்சம் நீண்டதும் ஸ்குரூவுக்குத் தள்ள இடமில்லை. உங்களுக்கு நடந்தது அதுதான். செயின் பழுதாகாமல் இருந்தால், ரிவெட் கருவி உள்ள கடையில் ஒரு லிங்கை எடுத்துக் கொடுப்பார்கள்.

இதே மெஷினுக்குப் பார் வாங்குகிறவர்கள், பார் தயாரிக்கும் ஓரிகான் கம்பெனியின் பட்டியலில் வால் குறியீடு ஏ074 என்று பாருங்கள். ஏ041 வேறு கம்பெனிகளின் சிறிய மெஷின்களுக்கு உரியது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

கேள்வி: பார் தயாரிப்பது யார்? மெஷின் கம்பெனியே செய்கிறதா, வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறதா? ஓரிகான் என்று எழுதியிருந்தால் அது எந்த நாட்டுச் சரக்கு? எங்கள் கடையில் "ஒரிஜினல்" என்று மூன்று விலையில் தருகிறார்கள்.
— ஓசூர்

பதில்: இரண்டும் உண்டு. மெஷின் செய்யும் எல்லாரும் பார் செய்வதில்லை, பார் செய்யும் எல்லாரும் மெஷின் செய்வதில்லை.

பாரும் செயினுமே பிரதான தொழிலாக வளர்ந்த கம்பெனிகளில் பெரியது ஓரிகான். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லண்டில் ஜோசப் காக்ஸ் 1947-ல் தொடங்கியது. மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு இடமும் வலமும் மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து, அதே முறையில் பல் அமைத்த செயினை அவர் உருவாக்கினார். இன்று நாம் ஓட்டும் செயின்களின் பல் அமைப்பு அந்த வழியில் வந்ததே. நீண்ட காலம் பிளவுன்ட் என்ற பெயரில் இருந்த தாய்க் கம்பெனியின் இன்றைய பெயர் ஓரிகான் டூல். பார்கள் அமெரிக்காவில் மட்டும் செய்யப்படவில்லை. கனடா, பிரேசில், சீனா ஆகிய நாடுகளிலும் அவர்களுக்குத் தொழிற்சாலைகள் இருந்துவந்திருக்கின்றன. ஆகவே பாரில் சீனா என்று அச்சிட்டிருப்பதாலேயே அது போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஸ்டில் இந்த விஷயத்தில் வேறு ரகம். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. செயின், பார் இரண்டையும் சொந்தமாகவே செய்கிறது. செயின் சுவிட்சர்லாந்தின் வில் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் தொழிற்சாலையில் பாரும் செய்கிறார்கள். ரோலோமேட்டிக் என்ற பெயருள்ளவை மூக்கில் ஸ்பிராக்கெட் உள்ள பார்கள். டுரோமேட்டிக் என்றால் மூக்கில் ஸ்பிராக்கெட் இல்லாமல், தேயாத கடின உலோகம் ஏற்றிய பார்.

ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா தன் பெயரில் பாரும் செயினும் விற்கிறது. முன்பு செயினை வெளியிலிருந்தே வாங்கிவந்தது. பிற்பாடு ஸ்வீடனில் சொந்தச் செயின் தொழிற்சாலை அமைத்தது. ஜப்பானின் சுமுரா, சுகிஹாரா இரண்டும் தொழில்முறை மரம் வெட்டிகளிடம் பெயர் பெற்ற பார் கம்பெனிகள், ஆஸ்திரேலியாவில் ஜிபி. இவை நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். உங்கள் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகை: மெஷின் கம்பெனி டீலர் தரும் பார், ஓரிகான் போன்ற பொதுப் பெயர்ப் பார், பெயரற்ற அல்லது புதிது புதிதாய்ப் பெயர் சூட்டிய சீனப் பார். கடைக்காரர் சொல்லும் மூன்று விலைக்கு அர்த்தம் அநேகமாக இதுதான். மூன்றையுமே "ஒரிஜினல்" என்று சொல்வது அவர் வியாபாரம்.

விலையை விடப் பாரின் கட்டுமானத்தைப் பாருங்கள். சிறிய, நடுத்தர மெஷின்களுக்கு வருபவை மூன்று தகடுகளை ஒட்டி ஸ்பாட் வெல்டு செய்தவை. நடுத்தகடு சற்றுக் குட்டையாக இருப்பதால் விளிம்பில் காடி உருவாகிறது. எடை குறைவு, கவாத்துக்குப் போதும். தொழில்முறைப் பார் ஒரே எஃகுத் தகட்டில் காடி வெட்டியது. நீளமான பாருக்கும், புளி, வேம்பு அடிமரத்துக்கும் அதுவே தாங்கும். எந்த வகையானாலும் காடியின் இரு விளிம்புகளும் சூடேற்றிக் கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு: பழைய அரத்தின் நுனியால் வால் பக்கத்து விளிம்பை, கண்ணில் படாத ஓரத்தில், மெல்ல ஒரு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கினால் நல்லது. சுலபமாகத் தூள் உதிர்ந்தால் அந்தப் பாரை வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் சம்மதித்த பிறகு செய்யுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டுமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

ஓரிகான் பாரின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உதாரணத்துக்கு 160எஸ்டிஇஏ074. முதல் இரண்டு இலக்கம் நீளம், 16 இஞ்ச். மூன்றாவது இலக்கம் கேஜ்: 0 என்றால் .050, 8 என்றால் .058, 3 என்றால் .063, 4 என்றால் .043. கடைசி நான்கு எழுத்து–எண்கள் வால் குறியீடு. ஏ074 ஸ்டிலின் சிறிய மெஷின்களுக்கு, டி025 ஸ்டிலின் பெரிய மெஷின்களுக்கு, கே095 ஹஸ்க்வர்னாவின் சிறிய, நடுத்தர மெஷின்களுக்கு, டி009 ஹஸ்க்வர்னாவின் பெரிய மெஷின்களுக்கு. ஸ்டில் தன் பாரிலேயே பார்ட் நம்பரைப் பொறித்திருக்கும். 3005 என்று தொடங்கினால் சிறிய வால், 3003 என்றால் பெரிய வால். பெரிய வாலின் நடுவெட்டு 12 மி.மீ. அளவுக்கு அகலம், சிறியது 8 மி.மீ. சுமாருக்கு. ஸ்கேல் வைத்தே பிரித்துவிடலாம்.

கேள்வி: மெஷின் நேராக வெட்டமாட்டேன் என்கிறது. புளிய மரத்தின் அடியில் ஒன்றரை அடி போவதற்குள் வலது பக்கம் வளைந்து பார் சிக்கிக்கொள்கிறது. செயின் புதிதாக அரம் போட்டது. பார் மாற்ற வேண்டுமா?
— அரூர்

பதில்: "செயின் புதிதாக அரம் போட்டது" என்றீர்களே, சந்தேகத்தை அங்கேதான் தொடங்க வேண்டும். வளைந்து வெட்டும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் செயின். இடப் பல்லையும் வலப் பல்லையும் ஒரே கையால் போடும்போது ஒரு பக்கம் நன்றாக அமையும், மறுபக்கம் கை வராது. எந்தப் பக்கப் பற்கள் நீளமாகவும் கூராகவும் உள்ளனவோ அந்தப் பக்கம் வெட்டு வளையும். வெர்னியரால் எல்லாப் பற்களையும் அளந்து, ஆகக் குட்டையான பல்லின் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். கோணம் 30 டிகிரி, இரு பக்கமும் ஒரே மாதிரி. பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழக் கட்டைகளும் சமமாக இருக்க வேண்டும். பல் முனைக்கும் கட்டைக்கும் இடையே 0.65 மி.மீ. போதும். ஒரு பக்கக் கட்டையை அதிகம் தேய்த்திருந்தாலும் அந்தப் பக்கப் பற்கள் கூடுதலாகக் கடித்து இழுக்கும்.

இதன் பிறகும் வளைந்தால் பாரைச் சோதியுங்கள். எளிய சோதனை: பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டி, அதே செயினில் ஒரு வெட்டு வெட்டுங்கள். முன்பு வலப்பக்கம் வளைந்தது இப்போது இடப்பக்கம் வளைந்தால் கோளாறு பாரில். திருப்பிய பிறகும் வலப்பக்கமே போனால் செயினைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். திருப்பும்போது இரு விளிம்பும் இடம் மாறுவதால் இந்த வேறுபாடு வருகிறது.

விளிம்புகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க, செயினைக் கழற்றிப் பாரைக் கண்ணாடி போன்ற சமதளத்தில் விளிம்பில் நிறுத்தி மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்தால் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கிறது. தட்டை அரத்தால் உயர்ந்த பக்கத்தை இழுத்துச் சமன் செய்யலாம். காடி அகன்றிருப்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்குச் செயின் மாட்டியபடி ஒரு ஸ்கேலை ஒரு பல்லின் பக்கவாட்டிலும் பாரின் பக்கவாட்டிலும் ஒருசேரச் சாய்த்து வையுங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தால் காடி நல்ல நிலையில் இருக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஸ்கேல் பாரோடு ஒட்டி நின்றால், செயின் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள்.

காடியின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். 3/8 லோ புரொஃபைலுக்கு 5 மி.மீ., .325-க்கும் 3/8-க்கும் 6 மி.மீ., .404-க்கு 7 மி.மீ. இதற்குக் கீழே போனால் டிரைவ் லிங்கின் அடி காடித் தரையில் உரசும், விளிம்பு செயினைத் தாங்காது. அந்தப் பாரை இனி எதுவும் செய்ய முடியாது, மாற்றுங்கள். காடி அகன்ற பாரைச் சுத்தியலால் தட்டி நெருக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடினப்படுத்திய விளிம்பு அப்போது விரிசல் விடலாம். அவசரத்துக்கு ஒரு வேலையை முடிக்க மட்டும் அது உதவும், நம்பி ஓட்டாதீர்கள்.

கேள்வி: டிராக்டரில் மாற்றிய கழிவு ஆயிலைத்தான் பாருக்கு ஊற்றுகிறோம். தப்பா?
— பென்னாகரம்

பதில்: ஊற்ற வேண்டாம். அதில் இருக்கும் இரும்புத் தூளும் கரியும் ஆயில் பம்பையும் காடியையும் அரைத்துவிடும். அது தெறித்துக் கையிலும் முகத்திலும் படுவதும் நல்லதல்ல. செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது என்ஜின் ஆயில் ஊற்றலாம். ஆனால் அதில் ஒட்டும் தன்மை குறைவு, சீக்கிரம் சிதறித் தீரும், அளவு கூடுதலாகப் பிடிக்கும்.

ஆயில் வருகிறதா என்பதை ஒரு வெளிர் நிறக் கட்டையிலோ அட்டையிலோ பாருங்கள். மூக்கை அதிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்து முக்கால் ஆக்சிலேட்டரில் ஓட்டினால் ஒரு நிமிஷத்தில் ஆயில் கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாரின் ஆயில் துளையில் தூள் அடைத்திருக்கும். தென்னை, பனை நார் அடைத்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுக்க வேண்டும், காற்று ஊதினால் மட்டும் போகாது. பெட்ரோல் டாங்க் ஒருமுறை தீரும்போது ஆயில் டாங்கும் தீரும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் அப்படியே நின்றால் பார் வறண்டு ஓடியிருக்கிறது.

கேள்வி: பார் மூக்கில் இருக்கும் சக்கரம் இறுகிவிட்டது. கிரீஸ் விட்டால் சரியாகுமா? அந்த நுனியை மட்டும் மாற்ற முடியுமா?
— தேன்கனிக்கோட்டை

பதில்: மூக்கின் அருகில் பக்கவாட்டில் சின்னத் துளை இருந்தால் அது கிரீஸ் போடும் துளை. முதலில் துளையைச் சுத்தம் செய்து, ஊசி முனை உள்ள கிரீஸ் துப்பாக்கியால், மறுபக்க விளிம்பில் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே ஏற்ற வேண்டும். இதை எப்போதாவது செய்வதாக இருந்தால் பேசாமல் விட்டுவிடுவதே மேல். அரைகுறையாகப் போட்ட கிரீஸ் மரத்தூளைப் பிடித்துப் பசையாக்கிவிடும். துளையே இல்லாத பார்களும் உண்டு. ஸ்டில் ரோலோமேட்டிக் மூக்கு செயின் ஆயிலிலேயே ஓடும்படி அமைந்தது, அதற்குத் தனிக் கிரீஸ் வேண்டாம்.

இறுகியதற்கு மண்ணும் தூளும் காரணமென்றால் மூக்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஆயில் விடுங்கள். பற்கள் கூர்மையாகி ஊசியாக நின்றாலோ சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ உள்ளே ரோலர்கள் போய்விட்டன. நுனியை மட்டும் மாற்றும் வகைப் பார்கள் தொழில்முறை வரிசையில் உண்டு. ரிவெட் தட்டிக் கழற்றிப் புது நுனி பொருத்தலாம். சிறிய மெஷின்களுக்கு வரும் தகட்டுப் பாரில் அந்த வசதி இருக்காது.

கேள்வி: அடி பெருத்த புளி மரங்கள் வருகின்றன. 58 சி.சி. மெஷினில் 24 இஞ்ச் பார் போட்டால் ஒரே வெட்டாகப் போய்விடாதா?
— ஊத்தங்கரை

பதில்: மெஷின் இழுக்காது. பார் நீளும்போது எஞ்சினுக்குச் சுமை கூடும், ஆயில் பம்ப் மூக்கு வரை ஆயில் கொடுக்காது, புளியின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் செயின் நின்று கிளட்ச் கருகும். 20 இஞ்சில் நின்றுகொள்ளுங்கள். இரு பக்கமிருந்தும் வெட்டினால் 20 இஞ்ச் பாரால் கிட்டத்தட்ட இரட்டிப்பு அகலம் எட்டலாம். தொடர்ந்து பெரிய மரமே வேலை என்றால் பாரை அல்ல, மெஷினை மாற்ற வேண்டும், 70 சி.சி.க்கு மேல் போங்கள்.

இன்னொன்று: பார் மூக்கின் மேல் கால்வாசி மரத்தில் பட்டால் மெஷின் ஓட்டுபவர் பக்கம் திரும்பி அடிக்கும். நீள பாரில் மூக்கு எங்கே தொடுகிறது என்பது கண்ணில் படாது. புளிய மரத்தின் பிளவுக்குள் பாரை விடும்போது இது நடக்கிறது.

கேள்வி: சீமைக் கருவேலம் அடியோடு வெட்டுகிறோம். மண்ணில் பட்டு அரை மணிக்கு ஒருமுறை செயின் மழுங்குகிறது. கடையில் கார்பைடு செயினும் மூக்கில் சக்கரம் இல்லாத பாரும் வாங்கச் சொல்கிறார்கள்.
— கிருஷ்ணகிரி

பதில்: சக்கரம் இல்லாத பார் மண்ணிலும் தூசியிலும் நின்று உழைக்கும், இதற்கு ஏற்றதுதான். ஆனால் உராய்வு அதிகம், ஆயிலும் கூடுதலாக வேண்டும். மிகக் கடினமான கார்பைடு பல் வைத்த செயினைச் சாதாரண அரம் தொடாது. வைரச் சக்கரம் வேண்டும், கூர் போடுபவர் அருகில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு முன் செலவில்லாத வழியைச் செய்யுங்கள்: தரைமட்டத்திலிருந்து நாலு விரல்கடை மேலே வெட்டுங்கள், அடிமரத்தின் மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நம் பக்கச் செம்மண்ணிலும் கல் குவாரித் தூசியிலும் உள்ள மணல் துகள் எஃகுப் பல்லைச் சும்மா விடாது. பனை மரம் வெட்ட நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 2021-ல் அரசு அறிவித்தபடி பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

கேள்வி: புதுப் பார் வாங்கியாயிற்று. பழைய செயினையே ஓட்டலாமா? ஸ்பிராக்கெட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். செலவு வைக்கிறார்களா?
— தருமபுரி

பதில்: முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. கிளட்ச் டிரம்மில் இருந்து செயினை இழுக்கும் டிரைவ் ஸ்பிராக்கெட்டைப் பாருங்கள். பற்களில் செயின் உட்கார்ந்து தேய்த்த தடம் 0.5 மி.மீ.க்கு மேல் ஆழமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினின் பிட்சைக் கெடுக்கும்; நீண்டுபோன பழைய செயின் புது ஸ்பிராக்கெட்டைக் கெடுக்கும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்பது நல்ல கணக்கு. இரண்டு செயினையும் மாற்றி மாற்றி ஓட்டினால் எல்லாம் ஒரே அளவாகத் தேயும்.

பழைய செயினில் டிரைவ் லிங்கின் அடி நுனிகள் மழுங்கி உருண்டு போயிருந்தால் புதுப் பாரில் போடாதீர்கள். பல் நன்றாக இருந்து, அடி நுனியும் கூர்மையாக இருந்தால் ஓட்டலாம்.

மாட்டும்போது மூக்கைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டென்ஷன் வைத்து, தூக்கிய நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். பாரின் அடிப்பக்கத்தில் செயின் ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் கையுறையோடு கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். முதல் சில நிமிஷங்கள் வெட்டாமல் மிதமான வேகத்தில் ஆயிலோடு ஓட்டி, நிறுத்தி, ஆறிய பிறகு டென்ஷனை மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கிப் பாரை அழுத்தும். அதனால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். செயின் கூர் போடும் ஒவ்வொரு தடவையும் பாரைத் திருப்பி மாட்டி, விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் நீக்கிவிடுங்கள். பிசிறை அப்படியே விட்டால் அது உடையும்போது விளிம்பிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டில் பார் மலிவு என்கிறார்கள். ஆன்லைனிலும் பாதி விலைக்கு வருகிறது. போலியா என்று எப்படித் தெரியும்?
— பர்கூர்

பதில்: விலையால் மட்டும் சொல்ல முடியாது. அச்சைப் பாருங்கள்: பார்ட் நம்பர், பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை நான்கும் பாரிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காடியை மூன்று இடங்களில் சோதியுங்கள். வால், நடு, மூக்கருகில் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். மூக்குச் சக்கரம் விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுழல வேண்டும். பாரை விளிம்பு வழியே கண்ணால் நோக்கினால் வளைவு தெரியக் கூடாது.

ஆன்லைனில் வாங்குவதானால் "எல்லா 58 சி.சி. மெஷின்களுக்கும் பொருந்தும்" என்ற வரியை நம்பாதீர்கள். வால் பக்கத்தை அளவு குறித்துப் படம் போட்டிருக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் போய்வருவது ஒரு நாள் வேலைதான். ஆனால் பார் பொருந்தவில்லை என்றால் அதே தூரத்தை இன்னொருமுறை போக வேண்டும். ஒரே ஒரு பாருக்காக என்றால் உள்ளூர் டீலரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, மாட்டிப் பார்த்து வாங்குவதே எங்கள் யோசனை. தொழிலாக வெட்டுகிறவர்கள் மூன்று நான்கு பார் சேர்த்து வாங்கினால் பெங்களூர் பயணம் கட்டும்.

கேள்வி: பாரின் ஒரு விளிம்பு நீலமாகிவிட்டது. ஓட்டலாமா?
— காரிமங்கலம்

பதில்: அந்த இடத்தில் எஃகு அளவுக்கு மீறிச் சூடேறி அதன் கடினம் போய்விட்டது. அங்கிருந்து வேகமாகத் தேயும். தட்டை அரத்தை ஓட்டிப் பாருங்கள். நீலப் பகுதியில் மட்டும் அரம் கடித்தால் பாரை மாற்றுங்கள். மாற்றும் முன் ஆயில் துளை, பம்ப், செயின் டென்ஷன், மழுங்கிய பல் இவற்றில் எது காரணம் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்காமல் மாட்டினால் புதுப் பாரும் அதே இடத்தில் நீலமாகும்.